ஜி.பி. ரோடு சந்தில் ஒரு பாய் கடை: 13,500 சொன்ன வேலை 650-இல் முடிந்தது

சென்னையில் கார் ஸ்டீரியோவோ, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஆம்ப்போ (ஆம்ப்ளிஃபயர்) திடீரென்று ஊமையாகிவிட்டால் எங்கே கொண்டுபோவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் பெயர் சொல்ல வழியில்லை. ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அதாவது சீட் கவரும் அலாய் வீலும் வாசலெல்லாம் தொங்குகிற நம்ம ஜி.பி. ரோடு, அதில் ஒரு சந்துக்குள் திரும்பினால் ஷட்டர் பாதி இறங்கிய ஒரு பத்துக்குப் பத்து கடை. உள்ளே வயர் சுருளும் பழைய செட்டுகளும் போக ஒரு ஆள் உட்காரத்தான் இடம், வேலை முழுக்க வெளியே தெருவில். "செட் பாக்குற பாய்" என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் கை காட்டுவார்கள்.

என் வண்டி 2014 ஸ்விஃப்ட். கம்பெனியில் வந்த செட்டைக் கழற்றிவிட்டு டச் ஸ்கிரீன் வைத்த டபுள் டின் செட், நாலு கதவுக்கும் ஸ்பீக்கர், டிக்கியில் நாலு சேனல் ஆம்ப் ஒன்று என்று போட்டு ஐந்து வருஷம் ஆகிறது. சப்வூஃபர் கிடையாது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் நெஞ்சு அதிரவேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை, தாம்பரத்திலிருந்து ஆபீஸ் போய்வர தினம் இரண்டரை மணி நேரம், பாட்டு இல்லாமல் அந்த ரோட்டில் ஊர்வது தண்டனை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்தேன். செட் ஆன் ஆகிறது, ப்ளூடூத் சேர்கிறது, பாட்டின் பெயர் ஸ்கிரீனில் ஓடுகிறது, வினாடி நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. எஃப்.எம். போட்டேன், பென்டிரைவ் போட்டேன், எதிலும் இல்லை. மியூட் ஆகியிருக்கிறதா, வால்யூம் யாராவது குறைத்தார்களா, முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிக்கிற ஃபேடரைப் பையன் ஒரு மூலைக்கு இழுத்துவிட்டானா என்று பார்த்தேன். (போன தடவை அதுதான் நடந்தது. முன்னால் சத்தமே இல்லை என்று அரை நாள் தவித்தேன்.) எல்லாம் சரியாக இருந்தது. டிக்கியைத் திறந்து பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஆம்ப்பில் எப்போதும் பச்சையாக எரிகிற விளக்கு சிவப்பாக எரிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. சிவப்பு என்றால் கெட்டது என்று மட்டும் புரிந்தது, மூடிவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எஃப்.எம். போட்டால் பாடுகிறது, ப்ளூடூத்துக்கு மாற்றினால் ஊமை என்றால் அது வேறு கதை. செட்டின் பின்னால் முழு நீல வயர் ஒன்று, நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட வயர் ஒன்று என்று இரண்டு வரும். வெள்ளைக்கோடு போட்டதுதான் ஆம்ப்பை எழுப்புகிற ரிமோட் வயர். முழு நீலம் ஆண்டெனாவுக்கானது, பல செட்டுகளில் அதில் ரேடியோ ஓடும்போது மட்டும்தான் 12 வோல்ட் வரும். வேலை செய்தவர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் ரேடியோவுக்கு மட்டும் விழிக்கிற ஆம்ப் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். ஆபீஸ் நண்பர் ஒருவர் இப்படி எட்டு மாதம் ரேடியோ மட்டுமே கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார், ப்ளூடூத் ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டு.

என் விஷயத்தில் எதிலுமே சத்தம் இல்லை. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு முதலில் போனது ஒரு பெரிய ஷோரூமுக்கு. பெயர் வேண்டாம். ஏசி, காபி, சோபா, சுவர் முழுக்க ஸ்பீக்கர். டீஷர்ட் போட்ட தம்பி ஒருவர் பானட்டைத் திறந்தார், பேட்டரி பக்கத்தில் ஆம்ப்புக்குப் போகிற வயரில் இருந்த கண்ணாடி பியூஸின் மூடியைத் திருகி எடுத்து, பியூஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பியூஸ் ஓகே" என்று திரும்பப் போட்டு முறுக்கினார். அப்புறம் டிக்கிக்கு வந்து மல்டிமீட்டர் வைத்தார். பிளஸில் 12.4 வோல்ட். செட்டை ஆன் செய்தால் ரிமோட் முனையில் 12 வருகிறது. எர்த்தும் சரி. ஆனால் ஆம்ப்பில் விளக்கே எரியவில்லை, இருட்டு. "மூணும் வருது சார், ஆம்ப் எடுக்க மாட்டேங்குது. உள்ள போர்டு போயிடுச்சு." புது ஆம்ப் 13,500. பழசைக் கொடுத்தால் 1,000 கழிவு. அன்றே மாட்டித் தருவார்களாம்.

உண்மையைச் சொன்னால் நான் கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டேன். மீட்டரில் எண்ணைக் காட்டி ஒருவர் பேசினால் நமக்கு எதிர்க் கேள்வி வருவதில்லை. பணத்தை மாற்றுவதற்காக வீட்டுக்கு போன் போட்டபோது மனைவி கேட்டாள்: "அஞ்சு வருஷம் ஒழுங்கா ஓடினது ஒரே ராத்திரியில சாகுமா? இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் வாங்குங்க." செக்கிங் சார்ஜ் 500 கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். ஜி.பி. ரோட்டில் சீட் கவர் கடை ஒன்றில் விசாரித்ததும் அவர் யோசிக்காமல் சந்தைக் காட்டினார்.

பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு செட்டின் கப்ளருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு மீட்டர், 12.4, போர்டு போச்சு என்று கடகடவென்று சொல்ல, நிமிரவே இல்லை. முடித்துவிட்டுக் கேட்டது இரண்டே கேள்வி.

"லைட் எரியுதா?"

"இல்ல பாய், இருட்டா இருக்கு. ஞாயித்துக்கிழமை செவப்பா எரிஞ்சுது."

"அப்படியா." இப்போதுதான் நிமிர்ந்தார். "கடைசியா வண்டியில யார் கை வச்சாங்க?"

"யாரும் வைக்கல பாய். இன்னிக்குக் காலையில அந்த ஷோரூம்ல மட்டும்தான்."

"ஞாயித்துக்கிழமை செவப்பு, இன்னிக்கு இருட்டு. ரெண்டும் ஒரே வியாதி இல்ல தம்பி. முதல்ல இருட்டைப் பாப்போம்."

அவர் வைத்திருந்த கருவியைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் 13,500 ரூபாயைக் காப்பாற்றியது அதுதான். கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 21 வாட், அதன் ஹோல்டரிலிருந்து இரண்டு முழ நீளத்துக்கு இரண்டு வயர், ஒன்றின் நுனியில் முதலை கிளிப், இன்னொன்றில் கோணி ஊசி மாதிரி கூராக ராவிய ஒரு சைக்கிள் கம்பி. மீட்டர் அவரிடமும் இருந்தது, ஆனால் முதலில் கையில் எடுத்தது இந்த பல்பைத்தான். ஆம்ப்பின் பிளஸிலும் எர்த்திலும் வைத்தார். பல்பு எரியவில்லை என்று சொல்லமுடியாது, உள்ளே கம்பி மட்டும் ஊதுவத்தி முனை மாதிரி சிவந்தது. அதே இடத்தில் மீட்டரை வைத்தார், 12.4. பல்பையும் சேர்த்து மாட்டிக்கொண்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார். 12.4 இருந்த இடத்தில் 2.1.

"கரண்ட் வருது. வேலைக்கு வரல."

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். "மாடி டேங்க் நிறைய தண்ணி இருக்கு, குழாயில பாசி அடைச்சிருக்கு. கீழ விரல் வச்சுப் பாத்தா ஈரம் தெரியும். பக்கெட் வச்சா நிறையாது. மீட்டர் விரல் மாதிரி, பல்பு பக்கெட் மாதிரி." மீட்டர் வோல்டேஜ் பார்க்கும்போது ஏறத்தாழ கரண்டே எடுப்பதில்லை, அதனால் வழியில் நூலிழை அளவு தொடர்பு இருந்தாலே முழு 12-ஐக் காட்டிவிடும். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும், அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். இதைப் படித்தவர்கள் யாரும் இனி வெறும் மீட்டரை வைத்து "எல்லாம் வருது" என்று சொல்பவரிடம் ஆம்ப் வாங்காதீர்கள்.

அடுத்தது பிளஸ் முனையில் ஒரு கால், வண்டியின் வெறும் இரும்பில் ஒரு கால். அப்போதும் ஊதுவத்திதான், ஆக எர்த் குற்றவாளி இல்லை. எர்த் என்பதால் சொல்கிறேன், ஆம்ப் தகராறில் பாதி எர்த்தில்தான் இருக்கும் என்றார். பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள், சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்தால்தான் எர்த் எர்த்தாக இருக்கும். என் வண்டியில் சுரண்டித்தான் வைத்திருந்தார்கள். பானட்டுக்கு வந்தோம். பேட்டரியில் நேராக வைத்தால் பல்பு பளீரென்று எரிந்தது. கண்ணாடி பியூஸுக்கு முன்னால் பளீர். பியூஸுக்குப் பின்னால் ஊதுவத்தி.

பியூஸை எடுத்து என் கையில் கொடுத்தார். சுண்டுவிரல் நீளக் கண்ணாடிக்குழாய், உள்ளே தகடு முழுசாக இருக்கிறது, கருகல் இல்லை. யார் பார்த்தாலும் நல்ல பியூஸ் என்றுதான் சொல்வார்கள், நானும் சொன்னேன். ஒரு முனையின் உலோக மூடியை நகத்தால் பிடித்துத் திருப்பினார். ஆறு வயதுப் பிள்ளையின் பால்பல் மாதிரி ஆடியது. இந்த வகை பியூஸில் தகட்டை மூடியோடு சேர்ப்பது கொஞ்சம் ஈயம்தான், வருஷக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறி அது விட்டுப்போகிறது. என் விஷயத்தில் கூடுதலாக, சர்வீசுக்கு விடும்போதெல்லாம் இன்ஜினுக்கும் சேர்த்து வாட்டர் வாஷ் போடச் சொல்வது என் வழக்கம், அந்தப் புண்ணியத்தில் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்ததை ஷோரூம் தம்பி கழற்றி முறுக்கியதில் கடைசி உயிரும் போயிருக்கிறது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். பாயும் சொல்லவில்லை. "கண்ணால பாத்தான், கையால பாக்கல" என்றதோடு விட்டுவிட்டார்.

பழைய ஹோல்டரை வெட்டி எறிந்துவிட்டு, தட்டையான பியூஸை இரண்டு திருகில் இறுக்குகிற மாதிரி ஹோல்டர் ஒன்றைப் போட்டார். ஆரம்பிக்கும் முன் செட்டின் செட்டிங்ஸை எல்லாம் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னார், பேட்டரி மைனஸைக் கழற்றினால் ஈக்வலைசர், ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகும் என்று. எனக்கு இப்படி முன்கூட்டி யாரும் சொன்னதே கிடையாது. பழைய பியூஸ் 60 ஆம்பியர், அதையே போடுவார் என்று நினைத்தேன். பிளேடால் வயரின் செம்பைச் சுரண்டிக் காட்டினார், உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஐந்து வருஷத்துக்கு முன் முழுச் செம்பு என்று சொல்லி விற்றார்கள். ஆம்ப்பிலேயே இரண்டு 25 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது, அதனால் இங்கே 50 போதும், முழுச் செம்பு அளவுக்குத் தாங்காத இந்த வயருக்கு 60 வேண்டாம் என்று 50 போட்டார். பேட்டரி பக்கத்து பியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. அந்த வயர் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற இரும்புத் தடுப்பில்) எங்காவது உரசி ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்கத்தான், அதனால்தான் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் வைக்கவேண்டும் என்பது.

மைனஸை மாட்டி செட்டை ஆன் செய்தார். ஆம்ப்பில் சிவப்பு.

எனக்கு வயிறு கலங்கியது. பாய் சிரித்தார், அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "வந்துடுச்சு பாரு, உன் ஞாயித்துக்கிழமை செவப்பு."

சிவப்பு என்றால் ஆம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லையாம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஸ்பீக்கர் வயர் எங்காவது ஷார்ட் ஆனால், அளவுக்கு மீறிச் சூடானால், வோல்டேஜ் தாழ்ந்தால் இப்படிச் செய்யும். உள்ளே டிரான்சிஸ்டர் போயிருந்தாலும் செய்யும். இதில் எது என்று பிரிப்பதற்கு ரொம்பச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. ஆஃப் செய்துவிட்டு ஆம்ப்பிலிருந்து நாலு ஸ்பீக்கர் வயரையும், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவருகிற ஆர்.சி.ஏ. வயரையும் கழற்றிவிட்டு, வெறும் பிளஸ், எர்த், ரிமோட் மூன்றை மட்டும் விட்டு ஆன் செய்யுங்கள். பிளஸும் எர்த்தும் பல்பில் சரியாக இருந்து, அப்போதும் சிவப்பு என்றால் கோளாறு ஆம்ப்புக்குள். பச்சைக்கு மாறினால் ஆம்ப் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு வெளியே. இரண்டு நிமிஷ வேலை. எனக்குப் பச்சை எரிந்தது. அப்போதும் அவசரப்படாமல், 3.5 எம்.எம். முனையிலிருந்து ஆர்.சி.ஏ.வுக்குப் போகிற ஒரு வயரை எடுத்து, என் போனையே நேராக ஆம்ப்பில் மாட்டி, கடையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றை ஒவ்வொரு சேனலாக வைத்துப் பார்த்தார். நாலும் பாடியது. தெருவில் நின்று அந்தக் கூடில்லாத ஸ்பீக்கரில் கரகரவென்று பாட்டு வந்தபோது எனக்கிருந்த சந்தோஷம் செட் புதிதாக வாங்கிய அன்றுகூட இல்லை.

அப்புறம் பென்சில் செல். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த ஒன்றரை வோல்ட் செல். ஆம்ப் பக்கம் கழற்றி வைத்த ஸ்பீக்கர் வயரின் இரண்டு நுனியையும் செல்லில் தொட்டு எடுத்தால் கதவில் இருக்கிற ஸ்பீக்கர் 'டப்' என்று சொல்லவேண்டும். இடது முன் டப். வலது முன் டப். இடது பின் டப். வலது பின், அதாவது டிரைவருக்குப் பின்னால் இருக்கிற கதவு, சத்தமே இல்லை, செல்லின் நுனியில் மட்டும் பொட்டு மாதிரி ஒரு பொறி. மீட்டரை ஓம்ஸுக்கு மாற்றினார். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரை, 3.6 என்றுதான் காட்டும், மற்ற மூன்றும் அப்படித்தான் காட்டின. இது 0.3. ஸ்பீக்கருக்குப் போய்ச்சேரும் முன்னாலேயே இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வலது பக்கக் கதவைத் திறந்தார். குனிந்து தரையில் போட்டிருந்த மேட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எப்போ போட்டது?"

"சனிக்கிழமை."

ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். யார் கை வைத்தார்கள் என்று கேட்டபோது நான் யாருமில்லை என்று அடித்துச் சொல்லியிருந்தேன். கரண்ட் சம்பந்தமாக யாரும் கை வைக்கவில்லை என்பதுதான் என் கணக்கு. தரையை முழுக்க மூடுகிற அந்த 7டி மேட் போட்டதை அதோடு சேர்த்து நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

அந்த மேட் போடும்போது கதவுப்படியில் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்கஃப் பிளேட்டைத் தூக்கி, மேட்டின் ஓரத்தை அதற்கடியில் சொருகி, திரும்ப அமுக்குவார்கள். ஆம்ப்பின் ஸ்பீக்கர் வயர் டிக்கியிலிருந்து முன்னால் வருகிற பாதையும் அதே பிளேட்டுக்கு அடியில்தான். கம்பெனி அந்தப் பிளேட்டை கிளிப்பில் நிறுத்தியிருக்கும், ஸ்க்ரூவே கிடையாது. என் பிளேட்டில் நடுவில் கறுப்பாக ஒரு ஸ்க்ரூ பளபளவென்று இருந்தது. கிளிப் உடைந்திருக்கிறது, மேட் போட்ட பையன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தகட்டு ஸ்க்ரூவை இறக்கி முடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பாய் கடைப் பையனை டிக்கியில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்லச் சொன்னார். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பத் திருப்ப அவன் பின்னாலிருந்து "0.3, 0.3, 0.3 மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாலாவது சுற்றிலோ ஐந்தாவதிலோ "மாமா, ஏறிடுச்சு! 3.6!" என்று கத்தினான். ஸ்க்ரூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மரையில் பொடிப்பொடியாகச் செம்பு இழை சுற்றியிருந்தது. இரண்டு வயரின் தோலையும் கிழித்துக்கொண்டு, பிளஸையும் மைனஸையும் ஒன்றாகத் தைத்திருக்கிறது. சனிக்கிழமை மாலை வீடு திரும்பும்போது நான் போனில் பேசிக்கொண்டே வந்ததால் பாட்டு போடவில்லை, அதனால் சத்தம் போனது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

கிழிந்த இடத்தை வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வெளியே நெளிநெளிக் குழாயில் நுழைத்து ஓரமாகத் தள்ளினார். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் எனக்கு என்ன தெரியப்போகிறது? மே மாதத்து வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று அவராகவே சொன்னார். எல்லாவற்றையும் மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் மாட்டினார், முக்கியமாக ஆர்.சி.ஏ.வை. செட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்.சி.ஏ.வைப் பிடுங்கி மாட்டினால் சில செட்டுகளில் உள்ளே ஆர்.சி.ஏ.வின் எர்த் போய்விடும், அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கூடவே ஓர் ஊளை ஏறும். இப்படி வருகிற வண்டிகள் நிறைய, செய்தது பெரும்பாலும் யூடியூப் பார்த்துவிட்டுக் கழற்றிய ஓனர்தான் என்றார்.

கடைசியில் இன்ஜினை ஓட்டவிட்டு, பாட்டு இல்லாமல் வால்யூமை மட்டும் முக்கால்வாசி ஏற்றி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். இரைச்சல் இருக்கிறதா என்று. ஆம்ப்பின் பிளஸில் 14.1 காட்டியது, பல்பும் கூட மாட்டித்தான். பிறகுதான் பாட்டு. நாலு கதவும் பேசின.

மொத்தம் மூன்றே கால் மணி நேரம். ஹோல்டர், பியூஸ் 250, வேலைக்கு 400. 1,000 கொடுத்தேன், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், 350-ஐ எண்ணித் திருப்பிக் கொடுத்தார். ஷோரூம்காரர்களைத் திட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏசி பில்லும் வாடகையும் கட்டுகிற கடைக்கு மூன்று மணி நேரம் ஒரு பியூஸைத் தேடுவது கட்டுப்படியாகாது, பெட்டியைப் பிரித்து மாட்டினால்தான் கட்டுப்படியாகும். புது செட், புது ஆம்ப் போட நானே அங்கேதான் போவேன், டேஷ்போர்டைக் கீறாமல் நன்றாகவே மாட்டுவார்கள். கோளாறு தேட மட்டும் அங்கே போகக்கூடாது.

பாய் கடையில் குறையே இல்லையா என்றால் இருக்கிறது. பார்க்கிங் அறவே கிடையாது. சந்தில் உங்கள் வண்டி நிற்கும்போது குட்டியானை ஒன்று வந்தால் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ரிவர்ஸ் எடுக்கவேண்டும், எனக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. பில் தரமாட்டார், வாரன்டி என்ற பேச்சே இல்லை. போனில் விசாரித்தால் "கொண்டு வா, பாக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நடுவில் சந்தேகம் கேட்டால் சில சமயம் பதில் சொல்வார், சில சமயம் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். உட்கார இடமில்லை, எதிரே டீக்கடை பெஞ்சுதான் கதி. ஸ்கஃப் பிளேட்டுக்கு ஸ்க்ரூ போடாமல் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிவிட்டார், அது ஒரே வாரத்தில் வெயிலில் இளகி மேலே எழுந்துவிட்டது. திரும்பப் போனேன். முகத்தைச் சுளிக்காமல் புதுப்பேட்டையிலிருந்து பழைய பிளேட் ஒன்றை கிளிப்போடு வரவழைத்து மாட்டினார், பிளேட்டின் விலை 120 மட்டும் வாங்கிக்கொண்டார். நிறம் லேசாக மாறித்தான் இருக்கிறது. கதவைத் திறந்தால் எனக்குத் தெரிகிறது, வேறு யாருக்கும் தெரியவில்லை.

போவதாக இருந்தால் செவ்வாய், புதன் மாதிரி நாளில் காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். சனிக்கிழமை போனால் சாயங்காலம் வரை டீ குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஷட்டர் இறங்கினால் தொழுகை முடிந்து மூன்றுக்குத்தான் ஏறும். கார்டு கிடையாது, ஜிபே உண்டு. வண்டியில் கடைசி ஒரு மாதத்தில் யார் என்ன செய்தாலும், மேட்டோ சீட் கவரோ வாட்டர் வாஷோ, அவர் கேட்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பியிருப்பேன்.